கேக்கில் வந்த முடி

"கதவைச் சாத்திட்டு வா. தொப்பி, வலை ரெண்டையும் கழட்டு."

க்ரீம் பூசும் பெண்ணைத் தன் அறைக்குக் கூப்பிட்டுச் சூப்பர்வைசரம்மா இப்படிச் சொன்னதும் அவள் திகைத்துப்போனாள். அந்த கேக் தொழிற்சாலையில் வேலை நேரத்தில் தலையைத் திறக்கச் சொல்வது சாதாரண விஷயமில்லை. வாசலிலேயே தலைமுடிக்கு வலையை மாட்டி, அதன்மேல் தொப்பியை இழுத்துவிட்டால்தான் உள்ளே கால் வைக்க முடியும். அதற்கப்புறம் யாருக்குச் சுருட்டை, யாருக்கு நரை என்று பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாது.

மேசைமேல் ஒரு புகார்க் கடிதம் கிடந்தது. கடிதத்தின் ஓரத்தில் நீளமான ஒரு கறுப்பு முடியை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் கேக்கில், க்ரீமில் ஒட்டிக்கொண்டு வந்ததாம்.

"இந்த கேக்குக்கு க்ரீம் பூசினது நீதானே?"

"நான்தான் மேடம்."

பொய் சொல்லிப் பயனில்லை. இந்த அம்மாவுக்குத் தொழிலாளர்கள் வைத்திருக்கும் பெயர் பூதக்கண்ணாடி. ஒவ்வொரு கேக்கின் மேலும் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து பார்த்த பிறகுதான் பெட்டிக்குள் போக விடுவார்.

அவள் அந்த முடியைப் பார்த்தாள். ஒரு முனையில் கொஞ்ச தூரம் சுருட்டை. மீதியெல்லாம் இஸ்திரி போட்டதுபோல நேராக இருந்தது. அவளுடைய முடி மாதிரியேதான். வேலை நிரந்தரமாக இன்னும் ஒன்பதே நாள். போன வருஷம் ரொட்டிப் பிரிவில் ஒருத்தியை இதே குற்றத்துக்குத்தான் அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பினார்கள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு, இந்த ஒரு வேலை நிலைத்துவிட்டால் போதும் என்று ஓடி வருகிறவள் அவள்.

"என்னுதாத்தான் இருக்கும் மேடம்," என்றாள், வலையைக் கழற்றியபடி. "மருந்து போட்டு நேராக்குன முடி. ஆறு வருஷம் பார்லருக்குப் போனேன். குழந்தை பிறந்தப்புறம் விட்டுட்டேன், எட்டு மாசம் ஆகுது. இப்ப வேர்ல இருந்து பழையபடி சுருட்டையா வருது. புதுசும் பழசும் சேர்ற இடத்துலதான் படக்கு படக்குன்னு உடையும்."

"எவ்வளவு உடையும்?"

"முதல்ல அஞ்சு மாசம் கேக்கவே வேணாம் மேடம். குளிக்கிற இடத்துல, தலையணையில, குழந்தையோட கையில, எங்க பாத்தாலும் துண்டு துண்டா கிடக்கும். இப்பக் குறைஞ்சிடுச்சு."

புகார்ப் படிவத்தில் எழுதிக்கொண்டிருந்த சூப்பர்வைசரம்மாவின் பேனா நின்றது. "எப்படிக் குறைஞ்சது?"

கேக்கில் முடி விழுந்ததற்கு இதெல்லாம் எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை. உண்மை சொல்கிறாளா என்று சோதிக்கிறார் போலிருக்கிறது. எதையாவது மறைத்தால் அதற்கும் சேர்த்துத் திட்டு விழும். மடமடவென்று கொட்டிவிட்டாள்.

"காஞ்ச தலைய வாரவே மாட்டேன் மேடம். குளிக்கும்போது கண்டிஷனர் போட்டு, தலை வழுவழுன்னு இருக்கும்போதே பெரிய பல்லு சீப்பால வாருவேன். நுனியில ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா மேல போகணும். மேலேருந்து இழுத்தா போச்சு. இறுக்கி ஜடை போடுறதில்ல. தலையணைக்கு வழுக்குற துணியில உறை தைச்சிருக்கேன். மாசா மாசம் நுனியில ஒரு இஞ்ச் வெட்டிடுவோம். எங்க வீட்டுக்காரர்தான் வெட்டுவாரு, கோணல்மாணலா."

"சூடு?"

"சூடு பண்ற மெஷின் பக்கமே போறதில்ல மேடம். இங்க வரும்போது வலைக்குள்ள மெல்லிசா ஒரு துணி வேற சுத்திக்கிறேன். ஒரு துண்டு உடைஞ்சாக்கூட வெளிய வராது. அப்படியும் எப்படி வந்துச்சுன்னே தெரியல. இந்த ஒரு தடவை மன்னிச்சுடுங்க." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"அழாத. கிட்ட வா."

சூப்பர்வைசரம்மா கேக்கின் உயரத்தை அளக்கும் இரும்பு ஸ்கேலை எடுத்தார். முதலில் கடிதத்தில் இருந்த முடியை லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"சுருட்டை முனையில வெள்ளையா வேர் இருக்கு பாரு. இது உடைஞ்சதில்ல, வேரோட உதிர்ந்தது. அப்போ இதுல சுருட்டை எவ்வளவு இருக்கோ, அவ்வளவுதான் புதுசா வளர்ந்திருக்கு." சுருண்ட பகுதியை மெல்ல நீட்டி அளந்தார். "நாலு சென்டிமீட்டர்."

பிறகு அவள் தலையில் ஒரு முடியை வேரிலிருந்து இழுத்துப் பிடித்து அளந்தார். இன்னொன்றையும் அளந்தார். காதோரம் ஒன்று, பின்னங்கழுத்தில் ஒன்று.

"உனக்கு எங்க அளந்தாலும் பத்து வருது. இது உன்னுது இல்ல."

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. உட்காரச் சொல்லாமலே பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வீட்டுக்குப் போனதும் மாமியாரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வேலை தப்பியது, அது போதும்.

கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் அவளுக்கு அந்தக் கேள்வியே தோன்றியது.

"அப்போ இது யாரோட முடி மேடம்?"

சூப்பர்வைசரம்மா ஸ்கேலைக் கீழே வைத்தார். புகார்ப் படிவத்தை இழுத்து, பொறுப்பானவர் பெயர் என்ற இடத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்டார்.

"உன்னுதா இருந்துடக் கூடாதான்னு ஒரு நிமிஷம் நினைச்சுட்டேன். மனசுல வச்சுக்காத," என்றபடி தன் தொப்பியையும் வலையையும் கழற்றினார். வேர்ப்பக்கம் கொஞ்சம் சுருட்டை, மீதியெல்லாம் நேர். "நானும் முடி நேராக்குற மருந்தை விட்டு மூணு மாசம் ஆகுது, மொட்டையாயிடுவேனோன்னு பயந்துக்கிட்டு இருக்கேன். நீ சொன்னபடி செஞ்சா, முடி கொட்டுறது நிஜமாவே நின்னுடுமா?"