பத்தாவது சோடி

குழி இருந்தது. முடி இல்லை.

அவள் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி குனிந்தாள்.

உண்ணியின் முதுகில், பின்கோடியில், இரண்டு பக்கமும், ஊசி குத்தியதுபோல் ஒவ்வொரு குழி.

அடுத்த கண்ணாடித் தகடு. அதிலும் குழி.

பன்னிரண்டு தகடுகளையும் பார்த்துவிட்டாள். பன்னிரண்டிலும் அதே கதை.

எழுந்து ஜன்னல் வரை போனாள். எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வந்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். வியர்த்தது. மறுபடி போட்டாள்.

களக்காட்டு மலையில், உதிர்ந்த இலைகளுக்கு அடியில் வாழும் உண்ணி அது. கடுகில் பாதிகூட இல்லை. எல்லா விதத்திலும் ஒத்துப்போகும் ஓர் உண்ணிக் குடும்பம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு முதுகில் பத்துச் சோடி முடி. இதற்கு ஒன்பதுதான்.

ஒன்பதுதான் என்று மூன்று வருடம் அடித்துச் சொன்னாள். அதை வைத்து, இது புதிய குடும்பம் என்று ஆய்வுக் கட்டுரையே எழுதிவிட்டாள்.

மூன்று வருடம் கண் எங்கே போயிருந்தது?

குழி என்றால் முடி நின்ற இடம். முடி முளைக்காமல் இல்லை. முளைத்து, விழுந்திருக்கிறது. விழவைத்தவளும் அவள்தான். முதுகில் ஒட்டிய மண்ணைத் தூரிகையால் துடைத்துத் துடைத்துச் சுத்தம் பார்த்த கை.

பத்தாவது சோடியைச் சேர்த்துக்கொண்டால் இது நூறு வருடத்துக்கு முன்பே பெயர் வாங்கிய சாதாரண உண்ணி.

கட்டுரையின் இறுதிப் படி கணினித் திரையில் திறந்திருந்தது. மாலை ஆறு மணிக்குள் சரி என்று சொன்னால் அச்சாகிவிடும். வேறொருவர் இந்தத் தகடுகளைக் கேட்டு வாங்கிப் பார்க்க நாற்பது வருடம் ஆகலாம். யாரும் பார்க்காமலே போகலாம்.

உட்கார்ந்தாள். எழுந்தாள்.

முனைவர் பட்டம் போனால் போகட்டும். குடும்பத்துக்கு வைத்த பெயர்தான் அவளைக் குடைந்தது.

மாசாணிடே. மாசாணம் என்ற பெயரோடு, குடும்பத்தைக் குறிக்கும் லத்தீன் விகுதி.

மாசாணம், அந்த மலையில் வேட்டைத் தடுப்புக் காவலர். மூன்று மழைக்காலம், அட்டைக்கடியோடு, அவளுக்காகச் சாக்குச் சாக்காகச் சருகு சுமந்தவர். ஓர் உயிரினக் குடும்பத்துக்கே தன் பெயர் வரப்போகிறது என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார். ஊர் நம்பவில்லை.

கைபேசி அதிர்ந்தது. அவரேதான். ஒரு படம் அனுப்பியிருந்தார்.

மகளின் கல்யாணப் பத்திரிகை. அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்கும் படி. பெண்ணின் தகப்பனார் பெயருக்குக் கீழே ஒரு வரி: 'மாசாணிடே குடும்பத்தின் பெயருக்கு உரியவர்.'

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று இதழாசிரியருக்கு இரண்டே வரி எழுதி அனுப்பினாள். அனுப்பிவிட்டுத்தான் அவரைக் கூப்பிட்டாள். முதலில் அவர் குரலைக் கேட்டால் மனம் மாறிவிடும்.

"அண்ணாச்சி, பத்திரிகையில அந்த வரிய எடுத்துருங்க."

"ஏம்மா, பூச்சி செத்துப்போச்சா?"

"இல்ல அண்ணாச்சி. அதுக்கு முந்தியே ஒரு பேரு இருக்கு. நான்தான் தப்பாப் பாத்துட்டேன். ஒரு ஜெர்மன்காரரு வச்ச பேரு."

"அவரு நம்ம காட்டுக்கு வந்திருக்காராம்மா?"

"இல்ல. ஜாவாவுல பாத்துருக்காரு."

அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம் கேட்டது. அச்சகத்தில்தான் நின்றுகொண்டிருந்தார் போலும். இயந்திரச் சத்தம் கேட்டது. அச்சுப் போடலாமா என்று யாரோ அவரைக் கேட்டார்கள்.

அவள் காதோடு கைபேசியை அழுத்திக்கொண்டாள்.

"அந்த வரி இருக்கட்டும்டே" என்றார் மாசாணம், அந்த ஆளிடம். "நீ ஓட்டு."