ஆஜராக ஒருவர்

"'எப்பம்மா வக்கீல் வருவாரு?'ன்னு வீட்ல ஒரு குழந்தை கேட்டுச்சு சார். நாளைக்கு, அடுத்த மாசம்னு நானும் எத்தனை நாள்தான் சொல்றது?"

வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல் நுனிகள் வெளுத்திருந்தன.

அவள் வந்திருந்தது ஒரு பள்ளி வேன் ஓட்டுநரின் வழக்குக்காக. வேனில் வந்த சிறுமியிடம் முறைகேடாக நடந்துகொண்டான் என்று ஒன்பது மாதமாக உள்ளே இருக்கிறான். சிறையில் இருப்பவன் வீட்டிலும் குழந்தை இருக்கத்தானே செய்யும் என்று வக்கீல் நினைத்துக்கொண்டார்.

"ஏம்மா, ஊருக்கே தெரிஞ்ச கேஸ் இது. யாரும் ஆஜராகக் கூடாதுன்னு எங்க சங்கத்துல தீர்மானமே போட்டாச்சு. முதல்ல கை தூக்கினவனே நான்தான்."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

மூலையில் கோப்பு தைத்துக்கொண்டிருந்த குமாஸ்தா தலையைத் தூக்கினார். "பதினோரு வக்கீல் படி ஏறி இறங்கிட்டாங்களாம் ஐயா. அதுல நாலு பேரு, அதோ இருக்காரே அவரைப் போய்ப் பாருங்கன்னு நம்ம வாசலைத்தான் காட்டியிருக்காங்க. தலைவலி வந்தா மட்டும் நம்ம ஞாபகம் வந்துடும் அவங்களுக்கு!"

"நீ ஊசியைப் பார்த்துத் தைய்யி. விரல்ல குத்திக்கப் போறே." வக்கீல் அவள் பக்கம் திரும்பினார். "கோர்ட்டே ஒருத்தரை வச்சுக் கொடுக்குமே?"

"ரெண்டு பேரை வச்சாங்க. ஒருத்தருக்கு உடம்பு சரியில்லையாம். இன்னொருத்தர் எழுதிக் கொடுத்துட்டுக் கழண்டுக்கிட்டாரு. அஞ்சு வாய்தா போச்சு. லீவு போட்டுட்டு வெள்ளனே போய் உட்காருவோம். அவனுக்கு வக்கீல் இல்லைம்பாங்க. தேதி போடுவாங்க. திரும்பி வருவோம்."

வக்கீல் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"சரி, ஒண்ணு கேட்கறேன், மறைக்காம சொல்லுங்க. அவன் செஞ்சானா, செய்யலையா?"

அவள் தரையைப் பார்த்தாள். "செஞ்சான் சார்."

ஊசி நின்றது. முப்பது வருட அனுபவத்தில் வழக்கு கொண்டுவந்த எவரும் முதல் நாளே இப்படிச் சொல்லி வக்கீல் கேட்டதில்லை.

"அப்புறம் நான் எதுக்கும்மா? பொய் சொல்லி வெளியே கொண்டு வரணுமா?"

"ஐயோ, அப்படிக் கேட்பேனா? சட்டத்துல அவனுக்குன்னு என்ன இருக்கோ அதைக் கொடுங்க. கூடவும் வேணாம், குறையவும் வேணாம். ஆனா வேணும்னே தோத்துடாதீங்க. வக்கீல் ஒழுங்கா வாதாடலைன்னா மேல்கோர்ட்ல மறுபடி முதல்லேருந்து விசாரிக்கச் சொல்லிடுவாங்களாமே? எங்க நர்ஸம்மா வீட்டுக் கேஸ்ல அப்படித்தான் ஆச்சாம்."

"அது உண்மைதான்."

"இன்னொண்ணு." அவள் குரல் இறங்கியது. "அந்தப் பொண்ணைக் கூண்டுல ஏத்துவாங்க. என்ன கேட்கணுமோ கேளுங்க. குரலை மட்டும் உசத்தாதீங்க சார்."

செய்த பாவத்துக்குக் குடும்பமே தலைகுனிந்து நிற்கிறது என்று வக்கீலுக்குப் பட்டது. இத்தனை நல்ல மனசுள்ளவளுக்கு இப்படி ஓர் உறவைக் கடவுள் கொடுத்திருக்க வேண்டாம்.

"இத்தனை பேர் இருக்க, என்னால முடியும்னு எப்படிம்மா நம்பினீங்க?"

"மூணாவது வாய்தா அன்னைக்குப் பக்கத்து ஹால்ல உங்களைப் பார்த்தேன். எதிர்ப்பக்கத்துச் சாட்சி, ஒரு வயசானவரு, கால் நடுங்கி நின்னாரு. ஜட்ஜ்கிட்ட கேட்டு நீங்கதான் அவருக்கு நாற்காலி போட வச்சீங்க. உட்கார வச்சுட்டுத்தான் கேள்வியே கேட்டீங்க."

வக்கீலுக்கு அது நினைவிலேயே இல்லை. போகிற போக்கில் செய்தது. அதை எங்கோ ஒரு மூலையில் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். தான் கை தூக்கியதையும் மேலே ஒருவன் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பான் என்று தோன்றியபோது அவருக்கு உள்ளங்கை கூசியது.

"சங்கத்துல என்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவாங்க," என்றார்.

"கட்டட்டும் ஐயா. ஊசி நூல் நான் வச்சிருக்கேன், தைச்சுக்கலாம்," என்றார் குமாஸ்தா.

அன்று முதல் தடவையாக அவள் லேசாகச் சிரித்தாள். வக்கீல் இழுப்பறையிலிருந்து வக்காலத்துப் படிவம் ஒன்றை எடுத்தார்.

"நாளைக்கே ஜெயிலுக்குப் போய் அவன்கிட்ட கையெழுத்து வாங்கறேன். கேட்காத வக்கீல் வந்து நின்னா யார் அனுப்பினதுன்னு கேட்பான். என்ன சொல்லட்டும்? அக்காவா, தங்கச்சியா?"

அவள் எழுந்து நின்று, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"யாருன்னு அவனுக்குச் சொல்லாதீங்க சார். உங்ககிட்டயும் முதல்லயே சொல்லியிருந்தா உட்காரச் சொல்லியிருக்க மாட்டீங்களோன்னு பயந்துட்டேன்."

"அப்படியென்னம்மா உறவு?"

"அவனுக்கு நான் ஒரு உறவும் இல்லை. அந்தப் பொண்ணோட அம்மா சார் நான்."