நாலு மணி மாத்திரை

கைப்பையின் ஜிப்பை அவள் திறக்கவில்லை.

துணிக்கடையின் மூன்றாவது மாடி. பட்டுப் பிரிவு. ஆடித் தள்ளுபடிக் கூட்டம் அலைமோதியது. மணி நாலு.

கவுன்ட்டருக்குப் பின்னால், மடிக்காத புடவைக் குவியலின் மறைவில், விற்பனைப் பெண்களின் ஆறு கைகள் நீண்டிருந்தன.

பதினோரு வருஷமாக நாலு மணிக்கு நீளும் கைகள். முகங்கள் மாறும். கால்வலி மாறாது. உட்கார்ந்தால் கேமராவில் தெரிந்துவிடும். பாத்ரூம் போக மேனேஜரிடம் டோக்கன் கேட்க வேண்டும். அதனால் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. வலி மாத்திரையைக்கூட எச்சிலிலேயே விழுங்கிவிடுவார்கள்.

பழக்கிவிட்டவள் அவள்தான்.

சும்மாதான் கொடுப்பாள். மாத்திரை அக்கா என்றால் ஐந்து மாடிக்கும் தெரியும்.

இன்று காலையில் டாக்டர் அவளுடைய ரிப்போர்ட்டை இரண்டு முறை பார்த்தார்.

"சிறுநீரகம் வடிகட்டுற அளவு தொண்ணூறுக்கு மேல இருக்கணும்மா. உங்களுக்கு முப்பத்தெட்டு. வலி மாத்திரை போடுவீங்களா?"

"எப்பவாவது, சார்."

அவர் நிமிர்ந்து அவளையே பார்த்தார். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டார். சிறுநீரில் நுரை. விடிந்ததும் கண்ணோரம் வீக்கம். விரலால் அமுக்கினால் காலில் குழி.

எல்லாம் இருந்தது. நின்று நின்று வந்ததென்று விட்டுவிட்டாள்.

"என்னக்கா, மெடிக்கல் ஷாப்புக்கு லீவா?"

இசக்கி. இருபத்தாறு வயசு. ஐந்து வருஷமாகத் தினம் ஒன்று. ஆடி மாதத்தில் இரண்டு.

"தீந்துபோச்சுடி."

ஐந்து கைகள் மடங்கின. இசக்கியின் கை மடங்கவில்லை.

"பொய் சொல்லுதீங்க. பைக்குள்ள அட்டை கிலுகிலுங்குது."

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாள் பார்த்த முகம்தான்.

"கண்ணெல்லாம் ஏன்டி இப்படி உப்பியிருக்கு?"

"ஊருக்குப் போனப்ப அம்மையும் அதான் சொன்னா. மெட்ராஸ் தண்ணி பிள்ளைக்கு ஒத்துக்கிட்டு, முகம் பூரிச்சிருக்குன்னு." இசக்கி சிரித்தாள்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். கேமராவுக்கு நேர் கீழே. இந்தக் கடையில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

இசக்கியின் புடவைக் கரையைச் சற்றே உயர்த்தினாள். கொலுசு சதைக்குள் புதைந்திருந்தது.

அதற்கு மேலே கட்டைவிரலை வைத்து அமுக்கினாள்.

"என்னக்கா பண்ணுதீங்க? கூசுது, விடுங்க."

விரலை எடுத்தாள். மனசுக்குள் எண்ணத் தொடங்கினாள்.

தலைக்கு மேலே யாரோ அரக்கு நிறத்தில் இன்னொரு புடவை கேட்டார்கள். மேனேஜரின் செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது.

பதினொன்று வரை எண்ணிவிட்டாள்.

குழி அப்படியே இருந்தது. அவள் கட்டைவிரலின் அளவில்.