எடுத்த எடுப்பில்

"வளைவுல ஒரு நொடிகூட வீணாகக் கூடாது சார். அப்படிப் பிடிக்கிற டயரா பாத்துக் குடுங்க" என்றபடி அவர் கடைக்குள் நுழைந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். காதோரம் நரை, சட்டை கசங்கியிருந்தது.

டயர் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ரோட்டுக்கா, ரேஸ் ட்ராக்குக்கா?"

"ரெண்டுக்கும் சார். ஞாயித்துக்கிழமை ட்ராக்ல இருப்பேன். அங்கேயிருந்து அதே டயர்ல ரோட்டுலயும் வேகமா வந்தாகணும். மத்த கடையில எல்லாம் உங்களைத்தான் கேக்கச் சொன்னாங்க."

தரையில் உட்கார்ந்து சக்கரம் கழற்றிக்கொண்டிருந்த கடைக்காரரின் மச்சான் தலை நிமிராமலே சிரித்தான். "மாமா, சார் தாத்தா ஆகுற வயசுல ரேஸுக்குப் போறாரு. நீங்களும் ஒரு ஹெல்மெட் வாங்கிக்கிறீங்களா?"

"நீ முதல்ல அந்த நட்டைக் கழட்டு. காலையிலேர்ந்து அதோட குடும்பம் நடத்திட்டிருக்க."

வந்தவரும் கடமைக்குச் சிரித்துவைத்தார். உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்த டயர் அளவைப் படித்துச் சொன்னார்.

"அடேங்கப்பா, பெரிய வண்டியாச்சே! இதை வெச்சுக்கிட்டா ட்ராக்ல சுத்துறீங்க?"

"சுத்துறதில்ல சார், நான் வந்து..."

கடைக்காரர் அதற்குள் உள்ளே போய்விட்டார். ஒரு டயரை உருட்டிவந்து எதிரே நிறுத்தி, கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். ரப்பர் லேசாக அமுங்கியது.

"ட்ராக்குன்னா இதுதான் ராஜா. பிடிச்சா விடாது. ஆனா ரெண்டு ரவுண்டு ஓடிச் சூடேறணும். அதுவரைக்கும் வழுக்கும். மழைன்னா வெளியிலயே எடுக்காதீங்க."

"அப்ப வேணாம் சார். எனக்கு அந்த ரெண்டு ரவுண்டு கிடைக்காது. நாள் பூரா நிறுத்தியே வெச்சிருந்தாலும், எடுத்த எடுப்புல பிடிக்கணும். மழையிலயும் பிடிக்கணும்."

'விசித்திரமான ஆள்' என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார். இன்னொரு டயர் வந்தது. இதில் நீர் வழியும் பள்ளங்கள் ஆழமாக இருந்தன.

"இது சூடேற வேண்டியதில்ல. ஈர ரோட்டுலயும் உக்காந்து பிடிக்கும். ட்ராக்ல அந்த அளவுக்கு வராது, ஆனா ஏமாத்தாது. ஒரே குறை, ரப்பர் மெத்துன்னு இருக்கும். சீக்கிரம் தேஞ்சிடும்."

"தேயட்டும். வேகம்தான் முக்கியம் சார். இதையே மாட்டிடுங்க."

வேகம் என்ற சொல்லைக் கேட்டதும் கடைக்காரரின் முகம் மாறியது. டயரை வந்த வழியே திருப்பி உருட்டினார். "வேற கடை பாத்துக்கங்க."

"சார், ஞாயித்துக்கிழமைக்குள்ள மாட்டியாகணும். இந்த அளவுல உங்ககிட்ட மட்டும்தான் இருக்குன்னாங்க."

"இருக்கு. குடுக்க மாட்டேன்."

மச்சான் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "மாமா, விடுங்க. பாவம், அவருக்கு என்ன தெரியும்?"

"தெரிஞ்சுக்கட்டும்டா!" கடைக்காரர் ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தார். "எனக்கும் ஒரு பையன் இருந்தான்ங்க. நல்லாப் பிடிக்கிற டயரா மாட்டுங்கப்பா, பத்திரமா ஓட்டுறேன்னான். என் கையாலதான் மாட்டிவிட்டேன். பிடிக்குதுன்னு நம்பி ட்ராக் வளைவுல இன்னும் கொஞ்சம் மிதிச்சிருக்கான். போன மழைக்காலம்."

வந்தவர் ஓரடி முன்னால் வந்தார். "மஞ்சள் காரா சார்?"

கடைக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கு நீங்களும் அங்கதான் இருந்தீங்களா?"

"இருந்தேன்."

காற்றடிக்கும் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. மச்சான் எழுந்துபோய் அதை அணைத்தான்.

"தூக்கும்போது உயிரோடதான் இருந்தானாம். அப்பாகிட்டச் சொல்லாதீங்க, திட்டுவாருன்னு சொன்னானாம். நான் எப்பங்க அவனைத் திட்டியிருக்கேன்?" கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆஸ்பத்திரி வாசல் வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சு. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னார். அதைக் கேட்டதுலேர்ந்து அவன் அம்மா சரியாச் சாப்பிடுறதில்ல."

வந்தவர் பக்கத்திலிருந்த டயர் அடுக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது கடைக்காரரின் கோபத்தை இன்னும் கிளப்பியது.

"அதையெல்லாம் கண்ணால பாத்துட்டு, மறுபடி அதே ட்ராக்குக்கு வேகமாப் போக டயர் கேட்டு வர்றீங்களே! உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு கிடையாதா? வீட்டுல பிள்ளைகுட்டி இல்ல? இனிமே என் கடையிலேர்ந்து ஒருத்தனுக்கும் அந்த டயர் போகாது. கிளம்புங்க!"

"மாமா, மெதுவா..." மச்சான் அவர் தோளைப் பிடித்தான்.

வந்தவர் வாசல் வரை போனார். அங்கேயே நின்றார். திரும்பியபோது அவருடைய கண்களும் நிறைந்திருந்தன.

"அன்னைக்கு மழையில உங்க பையனைக் கொண்டுபோன ஆம்புலன்ஸுக்குத்தான் சார் டயர் கேக்குறேன்."