கட்டணம் குறைக்கக் கேட்டவர்

“அக்கராயன் றோட்டில நான் கடை கட்டுறதுக்கும் பிள்ளையளின்ர பூங்காவுக்கும் என்ன சம்பந்தம், தம்பி?”

பிரதேச சபையில் எல்லாரையும் போல வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் பாய்ந்தார் ஷமீலா. அவருடைய கடைத்தொகுதிக்கு அனுமதி தயாராக இருந்தது. பூங்கா நிதிக்கான கட்டணம்தான் பாக்கி.

“அக்கா, நீங்கள் கட்டுற வளவிலதானே பெடியள் பந்தடிச்சவங்கள்,” என்றார் அலுவலர் கிறகோரி. “இப்ப துணுக்காய் பஸ் ஓடுற றோட்டில நிண்டு அடிக்கிறாங்கள்.”

“அது என்ர காணி.”

“ஓம். அதுதான் காணி கேக்கேல்லை, கட்டணம் கேக்கிறம்.”

“இதையும் கட்டினால் மேல்மாடி அரைகுறையாத்தான் நிக்கும். பாதியாக் குறையுங்கோ.”

“எனக்கு அதிகாரம் இல்லை அக்கா. தவிசாளர்தான் குறைக்கலாம்.”

“அப்ப தவிசாளரின்ர அறைக்கே போறன்.”

“தாராளமாப் போங்கோ.”

வரிசையில் நின்றவர்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஷமீலா விறுவிறுவென்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

சற்று நேரத்தில் தவிசாளர் அறையின் மணி ஒலித்தது. கிறகோரி ஓடினார்.

தவிசாளரின் கதிரையில் ஷமீலா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“வெளியில ஆரோ கடைக்காரி சத்தம் போட்டாவாமே, கிறகோரி?”

“ஓம், மேடம். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேக்கிறா.”

“ஒரு சதமும் குறைக்க ஏலாது எண்டு சொல்லுங்கோ. அவாவை விட்டால் நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பினம். பிறகு பூங்கா எப்பிடி வாறது?”

“சொல்லுறன், மேடம். ஆனா அவா பெரிய வாய்க்காரி.”

“தெரியும்,” என்றபடி கைப்பையைத் திறந்தார் தவிசாளர் ஷமீலா. “திட்டித் திட்டித்தான் கட்டுவா. வாங்கிக்கொண்டு போங்கோ.”