அடுத்த ஆணி

அக்காவின் போட்டோவைச் சுவரில் மாட்டும்போது தம்பிக்குக் கண் கலங்கியது. பார்த்தவர்கள் பாசம் என்று நினைத்திருப்பார்கள். அது சுத்தமான வயிற்றெரிச்சல்.

அக்காவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. கடல் தாண்டி ஒரு நாட்டில் தூதராகச் சௌக்கியமாக இருக்கிறாள். போட்டோவில் அந்த நாட்டு அதிபரோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் மந்திரியாக இருந்த சித்தப்பா. அவருக்கும் முன்னால், முதல் ஆணியில், எம்.பி.யாக இருந்த சின்னத் தாத்தா.

பூட்டுக் கம்பெனியின் வரவேற்பறைச் சுவர் அது. தலைமுறைக்கு ஒருவரை நாட்டுக்குக் கொடுக்கும் குடும்பம் என்று ஊரே சொல்லும். யாரைக் கொடுப்பது என்பது கம்பெனியின் தலைமை நாற்காலியில் இருப்பவர் முடிவு. இப்போது அந்த நாற்காலியில் அம்மா.

"கோணலா இருக்குடா. இடது பக்கம் ஏத்து," என்றாள் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா.

"ஆளே கோணல்தானேம்மா," என்றான் ஸ்டூல் மேல் நின்றபடி. "பூட்டை ஒரு கப்பல்லயும் சாவியை இன்னொரு கப்பல்லயும் ஏத்தி விட்டாளே, மறந்துட்டியா? ரெண்டும் வேற வேற துறைமுகத்துல போய் இறங்குச்சு. அடுத்த வருஷமே மகராசி தூதரம்மா ஆயிட்டா!"

அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். அதுவே அவனுக்கு இன்னும் எரிந்தது.

"சித்தப்பா மட்டும் என்ன ஒழுங்கு? ஒரே ஊர்ல ஏழு கடைக்காரங்ககிட்ட, 'எங்க பூட்டை விக்கிற உரிமை உனக்கு மட்டும்தான்'னு சத்தியம் பண்ணினவர். அவருக்கு மந்திரி பதவி. நான் மட்டும் இங்கேயே பித்தளைத் தூளைத் தின்னுக்கிட்டுக் கிடக்கணும்!"

அந்த நேரம் பார்த்து அவன் மனைவி ஒரு தட்டு நிறையப் பூட்டுகளோடு உள்ளே வந்தாள். பூட்டுகளைச் சோதிக்கும் பிரிவு அவள் பொறுப்பு. அம்மாவின் முன்னால் தட்டை வைத்து, ஒரே சாவியால் ஒவ்வொரு பூட்டாகத் திறந்து காட்டினாள்.

"புது மாடல் அத்தை. எல்லாத்துக்கும் இந்த ஒரு சாவி போதும். ஒரு கடைக்காரர் காலையில தூக்கக் கலக்கத்துல பக்கத்துக் கடைப் பூட்டுல சாவியைப் போட்டிருக்கார். திறந்துக்கிச்சு. உள்ளே போய் லைட்டைப் போட்டப்புறம்தான் தன் கடை இல்லேன்னு தெரிஞ்சிருக்கு."

"எப்படி ஆச்சு?"

"சீக்கிரம் முடியணும்னு மெஷினை ஒரே அளவுல வச்சு ஓட்டச் சொல்லிட்டார் உங்க பிள்ளை."

அவன் அசரவில்லை. "இதைப் போய்க் குறைன்னு சொல்றியே! சாவி தொலைஞ்சா எதிர்வீட்டுல வாங்கித் திறந்துக்கலாம். மனுஷனை மனுஷன் நம்பணும்கிற எண்ணம் வளரும். இது வெறும் பூட்டு இல்லடீ, ஒற்றுமை!"

அம்மா அவனை உற்றுப் பார்த்தாள். பூட்டு பழுதா என்று காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கும்போது அவள் முகம் அப்படித்தான் இருக்கும்.

"வர்ற தேர்தல்ல நீ நில்லு. கட்சியில நான் பேசுறேன்."

ஸ்டூல் ஆடியது. அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். பிடித்த கை அப்படியே அக்கா படத்துக்குப் பக்கத்திலிருந்த காலி இடத்தை ஜாண் போட்டு அளந்தது. அவளுடையதைவிடப் பெரிய சட்டமே மாட்டலாம்.

"அப்போ கம்பெனியை யாரும்மா பார்த்துக்கிறது?"

"உன் பொண்டாட்டி."

மனைவி அந்தச் சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பாவம், இனி இவளுக்கு இந்தச் சுவரில் இடமே கிடையாது என்று அவனுக்கு இரக்கமாக இருந்தது. இத்தனை வருடப் பொறாமை ஒரே நொடியில் வடிந்துவிட்டதில் மனசு விசாலமாகிவிட்டது. கடைசிவரை இந்தக் கம்பெனியையே கட்டிக்கொண்டு அழுத அப்பாவின் நினைவுகூட வந்தது.

"என் படத்தை மாட்டுறப்போ அப்பா படத்தையும் சேர்த்து மாட்டிடலாம்மா. மந்திரி வேண்டாம், ஒரு கவுன்சிலராக்கூட அவரை ஆக்கலையே, அப்போ நாற்காலியில இருந்த தாத்தா. ஏம்மா அவரை மட்டும் நாட்டுக்குக் கொடுக்கல?"

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"அவர் தொழிலை ஒழுங்காப் பார்த்தாரேடா!"