ஆளுக்கு ஒரு அமுக்கு

"ஏங்க, உங்களுக்கு வேற வேலைவெட்டியே இல்லையா?"

ரோட்டோரம் குடைக்கடியில் உட்கார்ந்திருந்த கணக்கெடுப்புக்காரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

பின்னே என்ன? காலையிலிருந்து இந்த மனுஷன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போகிறார், இந்தப் பக்கம் வருகிறார். மறுபடியும் போகிறார். ஒவ்வொரு தடவையும் கார்கள் ஹாரனால் காதைக் கிழிக்கின்றன.

"இதுக்குன்னே லீவு போட்டுட்டு வந்திருக்கேம்மா" என்றார் சைக்கிள்காரர்.

அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ரோட்டை யாராவது நடந்து கடந்தால், கையிலிருக்கும் மெஷினை ஒரு அமுக்கு அமுக்க வேண்டும். அதுதான் அவள் வேலை. ஆள் நிறைய இருந்தால் அங்கே வெள்ளைக்கோடு போட்டு சிக்னல் வைப்பார்கள் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

"ஆளுக்கு ஒரு அமுக்குதான். நீங்க நூறு தடவை போய் வந்தாலும் ஒண்ணுதான். யாரை ஏமாத்தப் பாக்கறீங்க?"

"இங்க யாரும்மா நடப்பாங்க? உசுருக்குப் பயந்து எதிர்ல இருக்கிற கடைக்குக்கூடக் காரை எடுக்கறாங்க."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? விபத்துல யாராவது செத்திருந்தா ஆள் கணக்கு பாக்காமலே சிக்னல் வைக்கத் தனி விதி இருக்கு. இந்த இடத்துல அப்படி எதுவும் இல்லையே."

சைக்கிள்காரர் ஸ்டாண்டைத் தட்டி வண்டியை நிறுத்தினார்.

"என் வீட்டுக்காரி இங்கதான் அடிபட்டா. ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்து, அங்கேயே போய்ச் சேர்ந்துட்டா. ரோட்டுல சாகலையாம். அதனால கணக்குல வராதாம்."

அவள் கையிலிருந்த மெஷினைக் குனிந்து பார்த்தாள்.

"இப்ப எம் பொண்ணு இதே ரோட்டைக் கடந்துதான் பள்ளிக்கூடம் போறா. வீடு வந்து சேர்ற வரைக்கும் எனக்கு உசுரு உசுரா இல்லம்மா."

சொல்லிவிட்டு மறுபடியும் ரோட்டில் இறங்கினார்.

அவள் அமுக்கினாள். அவர் திரும்பி வந்தபோதும் அமுக்கினாள். அவர் மூச்சு வாங்க உட்கார்ந்தபோதும், ரோட்டைக் கடக்க ஒரு ஈ காக்கை இல்லாதபோதும் அமுக்கினாள். கட்டைவிரல் வீங்கிவிட்டது. வேலை போனால் போகட்டும் என்று இருந்தது அவளுக்கு.

சாயங்காலம் அவரைக் கூப்பிட்டாள்.

"போதும்ணே, வீட்டுக்குப் போங்க. கணக்கு வேணுங்கிறதுக்கு மேலயே வந்தாச்சு."

அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாகச் சைக்கிளில் ஏறி மிதித்துப் போனார்.

அவள் தன்னை அனுப்பிய ரோட்டு இன்ஜினியருக்குப் போன் போட்டுக் கணக்கைச் சொன்னாள்.

"என்னம்மா சொல்றே! அந்த ரோட்டுலயா? அத்தனை பேரா?"

"ஆமா சார். மெஷின்லயே இருக்கு." அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"நல்லவேளை சொன்னே. இத்தனை பேர் குறுக்க பாய்ஞ்சா வண்டியெல்லாம் எப்படிப் போகும்? நாளைக்கே நடுவுல ஆள் உயரத்துக்கு வேலி போட்டு அடைச்சிடச் சொல்றேன்."



"சார்... சின்னப் பிள்ளைங்கல்லாம் பள்ளிக்கூடத்துக்கு எப்படி சார் போகும்?"

"இதென்னம்மா கேள்வி? எல்லாரும் போற மாதிரி கார்ல போகட்டும்."